செட்டிநாட்டு வீட்டில் நிற்கும் தண்டர்பேர்டை வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 31. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறார். இப்போதுள்ள 100 சிசி வண்டியை விற்றுவிட்டு, சிறு வயதிலிருந்து ஆசைப்பட்ட குரூஸர் ரக வண்டி ஒன்றைப் பழையதாக வாங்க நினைக்கிறார். கையில் இருப்பது 1,10,000 ரூபாய். மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்.

முதலாவது, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நிற்கும் 2015ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. உரிமையாளர் 2021இல் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து வண்டி முகப்பில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஓடியது 9,000 கிலோமீட்டர்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் 60,000 ரூபாய் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டாராம். இரண்டாவது, மதுரையில் பழைய வண்டிக் கடை ஒன்றில் இருக்கும் 2018 பஜாஜ் அவெஞ்சர் 220. விலை 62,000. சிங்கிள் ஓனர், கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற ஃபாரங்கள் தயார் என்கிறார் கடைக்காரர். மூன்றாவது, மைத்துனரின் நண்பர் ஓட்டும் 2021 ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. அவர் கேட்பது 1,40,000. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை.

இவற்றில் எது நம்பகமானது என்பது அவருடைய முதல் கேள்வி. அவர் மனம் தண்டர்பேர்டின் பக்கம் சாய்கிறது. இப்போதைக்குப் பத்திரத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மகன் ஊருக்கு வரும்போது பெயர் மாற்றம் செய்துகொண்டால் போதாதா என்பது இரண்டாவது.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எஞ்சினைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது. கவலையை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள். பிஸ்டனும் ரிங்கும் போனால் காசு செலவழித்து மாற்றிவிடலாம். பெயர் சரியில்லாத வண்டியில் ஒரு விபத்து நடந்துவிட்டால், அதன்பிறகு எந்த மெக்கானிக்கும் எந்த வழக்கறிஞரும் அதைச் சரிசெய்ய முடியாது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

தண்டர்பேர்டை விற்கும் உரிமை யாருக்கு?

காலமான செட்டியாரின் மனைவி ஆச்சி, சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். செட்டியார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார் ஆகிய எல்லோருக்கும் அந்த வண்டியில் சம பங்கு உண்டு. கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்ட மகளும் இதில் அடக்கம். சிங்கப்பூர் மகன் தன் பங்கை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம். தாயார் பங்கையும் சகோதரி பங்கையும் அவர் ஒரு வாட்ஸ்அப் வரியில் விற்றுவிட முடியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அவர் கையில் இருப்பது சாவி மட்டும்தான். தன்னிடம் இருப்பதைவிடக் கூடுதலான உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்.

நாளைக்குச் சகோதரி ஊருக்கு வந்து, அப்பா வண்டி எங்கே என்று கேட்டால், பெரியவர் உங்களைத்தான் கை காட்டுவார். நீங்கள் 60,000 ரூபாய் கொடுத்து வாங்கியவர் என்றாலும் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டி வரும்.

வழி இல்லாமல் இல்லை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபமில்லை என்று எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு ஃபாரம் 31இல் விண்ணப்பித்து, முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு ஆர்.சி. மாற வேண்டும். உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. காலம் கடந்துவிட்டதால் தாமதக் கட்டணம் கேட்பார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வாரிசு ஃபாரம் 29, 30இல் கையெழுத்திட்டு உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்.

மகன் வரும்வரை ஆறு மாதம் காத்திருக்கவும் தேவையில்லை. வண்டியை ஆச்சியின் பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் எளிது. மகன் சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷனில் தன் கையெழுத்துக்குச் சான்று பெற்று, ஆட்சேபமில்லை என்ற பத்திரத்தை அஞ்சலில் அனுப்பலாம். வங்கிக் கணக்குக்காகவும் வீட்டு வரிக்காகவும் வாரிசுச் சான்றிதழை அந்தக் குடும்பம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆச்சியிடம் நேரில் பேசுங்கள். மரியாதையோடு கேட்டால் மறுக்கமாட்டார்கள். வெளிநாட்டிலும் வெளியூரிலும் பிள்ளைகள் இருக்க, பெரிய வீட்டில் தனியாக நிற்கும் வண்டி ஒன்றை நல்ல கையில் சேர்ப்பதில் அவர்களுக்கும் நிம்மதிதான்.

பத்திரத்தாளும் ஆறு மாதமும்

பத்திரத்தாளில் எழுதி வாங்கினால் வண்டி உங்களுடையது ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். விற்றவருக்கும் உங்களுக்கும் இடையே அதற்கு மதிப்பு உண்டு. ஆனால், மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018இல் நவீன்குமார் – விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் ஒன்று கைமாறிக் கைமாறிப் போயிருந்தது, ஆர்.சி. மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே இருந்தது. விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு அந்த முதல் ஆளின் தலையில் விழுந்தது.

அப்படியானால் பாதிப்பு விற்றவருக்குத்தானே, எனக்கு என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். வண்டி உங்கள் பெயரில் இல்லாத அந்த ஆறு மாதத்தில் நீங்கள் இழப்பது என்ன என்று பாருங்கள்.

வண்டி திருடு போனாலும், விழுந்து நொறுங்கினாலும் இன்ஷூரன்ஸ் பணம் உங்களுக்கு வராது. வண்டி கைமாறும்போது அதனுடன் தானாக வருவது, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். வண்டியின் சேதத்துக்கான காப்பீடு வேண்டுமானால், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்டவேண்டி வரும்.

இதைவிடப் பெரியது உங்கள் உயிரைப் பற்றியது. இன்ஷூரன்ஸோடு சேர்த்து எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ஓட்டிச் செல்லும்போதுதான் பொருந்தும். அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில் மாடு குறுக்கே வந்து நீங்கள் தனியாக விழுந்தால், எதிரே இன்னொரு வண்டி இல்லை, வழக்குப் போட இன்னொரு ஆள் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் இருக்கும் ஒரே பிடி அந்த 15 லட்சம்தான். பெயர் மாறவில்லையென்றால் அதுவும் இல்லை. கர்நாடகத்தில் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் சென்றவர் மாட்டு வண்டியில் மோதி இறந்த வழக்கில், இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போதிருந்த 163ஏ பிரிவின்கீழ் அவருடைய குடும்பம் இழப்பீடு கேட்க முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்தின் நிலை உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது.

தண்டர்பேர்டின் இன்ஷூரன்ஸைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 2021 முதல் அசையாமல் நிற்கும் வண்டிக்கு யாரும் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியிருக்கமாட்டார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய்தான். அதனால்தான் பலருக்கு அது பெரிதாகப்படுவதில்லை. யாரையாவது இடித்துவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை லட்சங்களில் இருக்கும். அதைக் கட்ட நிறுவனம் எதுவும் பின்னால் வராது. சோதனைக்காக ஓட்டிப் பார்ப்பதாக இருந்தாலும் வீட்டு வளாகத்தைத் தாண்ட வேண்டாம்.

மற்ற இரண்டு வண்டிகள்

மதுரைக் கடையின் அவெஞ்சரில் எனக்கு உறுத்துவது, நீங்கள் அனுப்பிய படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருப்பதும் கையெழுத்துப் போட்ட ஃபாரங்களும். வாங்குபவர் பெயர் எழுதாத ஃபாரத்தில் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டால், இடையில் எத்தனை கை மாறினாலும் பதிவேட்டில் தெரியாது. சிங்கிள் ஓனர் என்பது தாளில் மட்டும் உண்மையாக இருக்கும். பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடைகள் 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

பதிவு எண் கிடைத்ததும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மறைந்திருக்கும். ஆனாலும் பதிவான தேதி, எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். போக்குவரத்து அபராதம் நிலுவையில் உள்ளதா என்பதையும் பரிவாகன் தளத்திலேயே பார்த்துவிடலாம். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே துடைத்துப் பார்த்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் உலோகம் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அந்த இடம் மட்டும் புது பெயிண்ட்டாக இருந்தாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். உங்களுக்குத் தெரியாது என்று நிரூபிக்கும்வரை அலைச்சல் உங்களுடையது. பிளேட்டில் கேஏ (கர்நாடகம்) அல்லது பிஒய் (புதுச்சேரி) என்று இருந்தால் அந்த மாநிலத்தின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லாச் சான்று) தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேரும். விலை மலிவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மீட்டியோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும்வரை வங்கியின் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. வாங்குவதானால், விற்பவரும் நீங்களும் சேர்ந்தே வங்கிக் கிளைக்குப் போய், பாக்கித் தொகையை அவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகக் கட்டி, வங்கியின் என்.ஓ.சி.யையும், ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்கான ஃபாரம் 35ஐயும் வாங்குங்கள். நான் கட்டிக்கொள்கிறேன், பணத்தை என்னிடம் கொடுங்கள் என்று அவர் சொன்னால், மைத்துனரின் நண்பர் என்பதற்காக இணங்கிவிடாதீர்கள்.

வண்டியைப் பார்க்கும் நாளில்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குவதைப்போல, பார்த்த அழகில் மயங்கி இந்த வண்டிகளை வாங்கக்கூடாது. நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விபத்து வழக்குகளில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பதால் பிரேக், டயர், ஸ்டியரிங் மூன்றிலும் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று தண்டர்பேர்டைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். வருடக்கணக்கில் நிற்பது வண்டிக்கு நல்லதல்ல. அந்த 350இல் இருப்பது கார்புரேட்டர். பழைய பெட்ரோல் பிசினாகி அதன் சிறு துளைகளை (ஜெட்டுகளை) அடைத்திருக்கும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் செம்பழுப்புத் துரு தெரிந்தால் செலவு கூடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும். முன் ஃபோர்க்கின் சீல் காய்ந்திருக்கும். பூட்டிய வீட்டில் எலி ஒயரைக் கடித்திருக்கவும் கூடும். சீட்டைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதற்கெல்லாம் மெக்கானிக்கிடம் ஒரு மதிப்பீடு எழுதி வாங்கி 60,000உடன் கூட்டிக்கொண்டு, பிறகு விலை பேசுங்கள்.

மூன்று வண்டிகளுக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளம்ப மறுத்த வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கக்கூடும். நீல நிறப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். ராயல் என்ஃபீல்டில் செல்ஃப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது கடகடவென்று உலோகம் உரசும் சத்தம் வந்தால், செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போய்விட்டது. மாற்றினால் சரியாகும், விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஸ்டியரிங் கழுத்தில் அது முட்டி நிற்கும் சிறு இரும்பு நிறுத்தத்தைக் குனிந்து பாருங்கள். முன்பக்கமாக மோதிய வண்டியில் அந்த இரும்பு நசுங்கியிருக்கும், அல்லது அங்கே புது வெல்டிங் தெரியும். டேங்க்கையும் மட்கார்டையும் புதிதாக்கிப் பளபளவென்று நிறுத்தும் கடைக்காரர்கள்கூட அந்த இடத்தைக் கவனிப்பதில்லை. பிறகு சென்டர் ஸ்டாண்டு இருக்கும் வண்டியில் முன் சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை மெல்ல ஆட்டுங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடங்கினால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது.

எதை வாங்கலாம்?

உங்கள் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் போகவர ஓட்டப்போகிறீர்கள், பணம் 1,10,000. பழைய இரும்பு, பழைய உறுதி என்று தண்டர்பேர்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழுது வந்தால் பாகம் எங்கே கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்குக் கைப்பழக்கம் உண்டா என்பதைத்தான் அன்றாட வண்டியில் பார்க்க வேண்டும். தண்டர்பேர்டின் தயாரிப்பு 2020இல் நின்றுவிட்டது. அதன் எஞ்சின் பாகங்கள் கிடைக்கின்றன, அந்தப் பயமில்லை. ஆனால் அவெஞ்சர் 220 அதைவிட முப்பது கிலோவுக்கும் மேல் எடை குறைவு. எஞ்சின் பல்சர் 220இன் வழியில் வந்தது என்பதால், ஊரில் கைவைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. செலவு போக உங்கள் கையில் பணமும் மிஞ்சும். ஆகவே பதிவேடு சுத்தமாக இருந்தால் அவெஞ்சரை வாங்குங்கள். 2018 வண்டியில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்காது. ஓரத்தில் சரளை மண் சிதறிய நம் சாலைகளில் முன் பிரேக்கை நிதானமாகப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வண்டி என்று பார்த்தால் மூன்றில் மேலானது மீட்டியோர்தான். ஃப்யூயல் இஞ்செக்‌ஷன், இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், வயதும் குறைவு. ஆனால் குறையும் 30,000 ரூபாயை வட்டிக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்ஷூரன்ஸ், டயர், பெயர் மாற்றச் செலவு என்று வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே பணம் கேட்கும். தண்டர்பேர்டின் மேல் உள்ள ஆசையை விட முடியவில்லையென்றால், ஆச்சியின் குடும்பம் பெயரை மாற்றித் தரும்வரை இப்போதுள்ள 100 சிசி வண்டியை விற்காமல் காத்திருங்கள்.

மகளுக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வயதுக் குழந்தையை ஏற்றிச் செல்லும்போது ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது 2023 முதல் விதி. குரூஸரில் பின் இருக்கை சிறிது. மனைவியை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மதுரைக் கடைக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால் 5,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். அதையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரசீதில் பதிவு எண், சேசிஸ் எண், எந்தத் தேதிக்குள் பெயர் மாற்றம் முடிய வேண்டும், முடியாவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். வாங்கிய 30 நாளுக்குள் நீங்களும், 14 நாளுக்குள் விற்றவரும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இந்தத் தேதியைக் கேட்பது உங்கள் உரிமை. விலையில் 10,000 ரூபாயை, உங்கள் பெயர் உள்ள ஆர்.சி. கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். அதற்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.